காதுகுத்துக்கு நாலு வாரம்தான் இருக்கு, ஸ்டீராய்டு மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். போடலாமா?

கொலுசுப்பட்டறை · திங்கள், இரவு 10.40

எல்லோருக்கும் வணக்கம். ரொம்ப நாளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இன்றைக்குத்தான் எழுதுகிறேன்.

வயது 34, எடை 68 கிலோ, ஊர் சேலம் சிவதாபுரம். வீட்டை ஒட்டியே கொலுசுப் பட்டறை. பற்றவைப்பதும் மெருகு போடுவதும் என் கையில்தான். சின்ன வயதிலிருந்தே எக்ஸிமா. எங்கள் வீட்டில் கரப்பான் என்பார்கள். முழங்கை மடிப்பு, முழங்காலுக்குப் பின்னால், கழுத்து என்று எப்போதும் அதே இடங்கள்தான். இந்தத் தடவை மடிப்பில் நீர் வடிகிறது. சட்டை ஒட்டிக்கொள்கிறது. ராத்திரி கழற்றும்போது தண்ணீர் ஊற்றி நனைத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கிறது.

விஷயம் என்னவென்றால், தங்கச்சி மகளுக்கு நாலு வாரத்தில் மொட்டை, காதுகுத்து. ஒரே தாய்மாமன் நான். குழந்தையை மடியில் வைத்து உட்கார வேண்டியவன், இந்தக் கையோடும் கழுத்தோடும் எப்படிச் சபையில் உட்காருவது? யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், ஆனால் பார்ப்பார்கள்.

போன வாரம் ஒரு டாக்டரிடம் போனேன். பிரட்னிசோலோன் மாத்திரை எழுதியிருக்கிறார். 40 மி.கி. ஐந்து நாள், 20 ஐந்து நாள், 10 ஐந்து நாள். மொத்தம் 15 நாள். வாங்கி வைத்திருக்கிறேன், இன்னும் போடவில்லை. ஸ்டீராய்டு என்ற பேரைக் கேட்டதும் அம்மா அட்டையைப் பிடுங்கி அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்துவிட்டார். பக்கத்து வீட்டு அத்தைக்கு முகம் பூசணிக்காய் மாதிரி ஊதியதைப் பார்த்த பயம்.

போட்டால் விசேஷத்துக்குள் அடங்கிவிடுமா? பிறகு திரும்பி வருமா? போட்டவர்கள் சொல்லுங்கள்.


மலைக்காற்று · திங்கள், இரவு 11.25

தம்பி, நான் மூன்று தடவை போட்டிருக்கிறேன். ஏற்காட்டில் எஸ்டேட் ஆபீஸ் வேலை. வயது 41. உங்களைப் போலவே பிறந்ததிலிருந்து இருக்கிறது.

முதல் தடவை போட்டபோது மூன்றாம் நாள் காலையில் எழுந்து படுக்கையைப் பார்த்தேன். விரிப்பில் ஒரு ரத்தப் பொட்டுகூட இல்லை, செதில் இல்லை. அப்படியே உட்கார்ந்து அழுதேன். அதை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். அதனால் மாத்திரை கேட்காது என்று நான் சொல்ல மாட்டேன். பிரமாதமாகக் கேட்கும். கூடவே ராத்திரி இரண்டு மணிக்குத் தூக்கம் போய் பீரோவை அடுக்கிக்கொண்டிருந்தேன், காலை டிபனுக்கு ஏழு இட்லி சாப்பிட்டேன், அது வேறு கதை.

மாத்திரை முடிந்து ஒன்பதாம் நாள் திரும்பி வந்தது. சும்மா வரவில்லை. அதுவரை வராத கண் இமையிலும் முதுகிலும் வந்தது. டாக்டரைப் பார்க்க பஸ்ஸில் இறங்கினேன். இருபது கொண்டை ஊசி வளைவிலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு வர, வளைவுக்கு ஒரு விரிசல் விட்டது கை. அடிவாரத்தில் இறங்கும்போது கம்பியில் என் ரத்தம்.

அப்போது நான் என்ன செய்தேன் தெரியுமா? மிச்சமிருந்த பழைய சீட்டைக் காட்டி மறுபடி வாங்கிப் போட்டேன். அதே கதை. மூன்றாவது தடவை இன்னும் சீக்கிரம் திரும்பியது.

உங்கள் விசேஷம் நாலு வாரத்தில். 15 நாள் மாத்திரை, அதற்கப்புறம் ஒன்பது பத்து நாள். கணக்குப் போட்டுப் பாருங்கள், எந்த நாளில் போய் நிற்கிறது என்று.


கொலுசுப்பட்டறை · திங்கள், இரவு 11.41

அக்கா, விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். காதுகுத்துக்கு மூன்று நாள் முன்னால். வயிறு கலங்குகிறது.


தறிநாடா · செவ்வாய், காலை 6.50

அம்மாபேட்டையிலிருந்து. எங்கள் அப்பாவுக்குத் தோலில் ஏதோ வந்து ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார்கள். ஒரு மாதத்துக்கு எழுதியதை அவர் பாட்டுக்கு ஒன்றரை வருஷம் வாங்கிப் போட்டார். மறுபடி போய்க் காட்டவே இல்லை. சர்க்கரை வந்தது. அப்புறம் இடுப்பு வலி. தறிக்குழியில் கால் வைக்க முடியவில்லை. இடுப்பு மூட்டுக்கு ரத்தம் போகாமல் எலும்பு செத்துவிட்டது என்று ஸ்கேன் பார்த்துச் சொன்னார்கள். மூட்டு மாற்று ஆபரேஷன் வரை போனது. தொடாதீர்கள். அவ்வளவுதான் நான் சொல்வேன்.


மூலிகை அன்பன் · செவ்வாய், காலை 8.15

சகோதரரே, ஆங்கில மருந்து நோயை உள்ளே அமுக்கும். எனக்குத் தெரிந்த இடத்தில் ஒரு பொடி தருகிறார்கள். தேனில் குழைத்து வேளைக்கு ஒரு சிட்டிகை. மூன்றே நாளில் அரிப்பு நிற்கும். பக்க விளைவே இல்லை. கத்திரிக்காய், கருவாடு, சோளம் மூன்றையும் நிறுத்துங்கள். தனிச்செய்தியில் வாருங்கள், விலாசம் தருகிறேன்.


பழைய கம்பவுண்டர் · செவ்வாய், காலை 9.30

அன்பருக்கு ஒரு வார்த்தை. பேர் தெரியாத பொடி மூன்று நாளில் கரப்பானை அடக்குகிறது என்றால் எனக்கு வரும் முதல் சந்தேகம், அதில் ஸ்டீராய்டை அரைத்துக் கலந்திருக்கிறார்களோ என்பதுதான். அப்படிப் பிடிபட்டவை நம் நாட்டில் எத்தனையோ. முறையாகப் படித்த சித்த மருத்துவர் சீட்டில் பேர் எழுதித் தருவதைச் சொல்லவில்லை, பொட்டலத்தைச் சொல்கிறேன். தேங்காய் எண்ணெய் தடவுகிறாயா, தாராளமாகத் தடவு. குளித்து ஈரம் காயுமுன் தடவினால் நல்லதுதான்.

தறிநாடா தம்பி, அப்பாவுக்கு நடந்தது கொடுமை. ஆனால் ஒன்றரை வருஷமும் 15 நாளும் ஒன்றில்லை. இந்த வகை மருந்துக்கு வழிவகுத்த கண்டுபிடிப்புக்கு 1950இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். மூச்சுத் திணறி நீலம் பாரித்து வந்த குழந்தைகள் இதனால் பிழைத்து எழுந்ததை முப்பது வருஷம் கவுண்டருக்குப் பின்னால் நின்று பார்த்தவன் நான். மருந்து கெட்டதில்லை. எதற்கு, எவ்வளவு நாள், யார் பார்வையில் என்பதில்தான் எல்லாம்.

கொலுசுத் தம்பி, உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். இவ்வளவு வருஷமாக அரிப்பு தாங்காதபோது என்ன செய்வாய்? மருந்துக்கடையில் ஏதாவது வாங்குவாயா?


வெள்ளைக்கோட்டு · செவ்வாய், மதியம் 1.10

நான் தோல் மருத்துவம் மேற்படிப்புப் படிக்கிறேன். ஆளைப் பார்க்காமல் இங்கே மருந்து சொல்ல மாட்டேன். பொதுவாகத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

எக்ஸிமாவுக்கு வாய்வழி ஸ்டீராய்டு என்பதில் உலகம் முழுக்க இப்போது ஏறக்குறைய ஒரே கருத்துதான். அமெரிக்கத் தோல் மருத்துவ அகாடமி 2023இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் பெரியவர்களுக்கு இதை வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்றே பரிந்துரைத்திருக்கிறது. உடம்பு முழுக்கப் பற்றி எரியும்போது, வேறு மருந்து வேலை செய்ய ஆரம்பிக்கும்வரை தாக்குப்பிடிக்க, கொஞ்ச நாளைக்கு மட்டும் என்று ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறார்கள். ஐரோப்பியரும் ஏறத்தாழ அப்படித்தான். அரை மி.கி. ஒரு கிலோவுக்கு, சில நாள், அவசரத்துக்கு. உங்கள் எடைக்கு அது 34. எழுதியிருக்கும் 40 அதைவிடக் கொஞ்சம் கூடத்தான், பெரிய தப்பு என்று சொல்ல முடியாது.

மலைக்காற்று அக்கா சொன்ன திரும்பி அடிப்பதை 2010இல் ஜெர்மனியில் ஒரு ஆய்வில் பார்த்தார்கள். கடுமையான எக்ஸிமா உள்ள 38 பெரியவர்கள். 21 பேருக்கு இரண்டு வாரம் பிரட்னிசோலோன், 17 பேருக்கு ஆறு வாரம் சைக்ளோஸ்போரின், அதாவது உடம்பின் எதிர்ப்புச் சக்தியை அடக்கும், ஸ்டீராய்டு இல்லாத மருந்து. மாத்திரையை நிறுத்தியபின் நிலையாக அடங்கி இருந்தவர்கள் பிரட்னிசோலோன் பக்கம் ஒரே ஒருவர். சைக்ளோஸ்போரின் பக்கம் ஆறு பேர். நோய் முற்றிப் பாதியில் விலகியவர்கள் அவ்வளவு பேர் என்பதால் ஆய்வையே முன்கூட்டி நிறுத்தினார்கள். சின்ன ஆய்வுதான். ஆனால் வார்டில் நாங்கள் பார்ப்பதும் இதுதான்.

கொஞ்ச நாள்தானே என்ற சமாதானமும் முழுசாகச் செல்லாது. 2017இல் அமெரிக்காவில் 15 லட்சம் பேரின் பதிவுகளை வைத்துப் பார்த்ததில், 30 நாளுக்குக் குறைவாக ஸ்டீராய்டு மாத்திரை போட்டவர்களிடம்கூட அடுத்த ஒரு மாதத்தில் ரத்தத்தில் கிருமி பரவுவது 5 மடங்கும், ரத்த உறைவு 3 மடங்கும், எலும்பு முறிவு ஏறத்தாழ 2 மடங்கும் கூடியிருந்தது. மொத்தத்தில் அரிதான விஷயங்கள்தான், பயந்துவிட வேண்டாம். ஆனால் மிட்டாய் இல்லை.

நீர் வடிகிறது என்றீர்களே, மஞ்சளாகப் பொருக்குக் கட்டுகிறதா? அப்படியானால் சீழ்க்கிருமி சேர்ந்திருக்கலாம். அதைக் கவனிக்காமல் ஸ்டீராய்டு போடுவது வேறு வம்பு.

பழைய கம்பவுண்டர் ஐயா கேட்ட கேள்விக்குப் பதில் வரட்டும். நானும் அதைத்தான் கேட்க இருந்தேன்.


கொலுசுப்பட்டறை · செவ்வாய், இரவு 9.05

மஞ்சள் பொருக்கு இருக்கிறது.

ஐயா, மருந்துக்கடையில் ஸ்டீராய்டெல்லாம் வாங்கியதில்லை. அரிப்பு ஜாஸ்தியானால் "அரிப்புக்கு ஒரு செட்" என்று கேட்டால் பேப்பரில் மடித்துக் கொடுப்பார்கள். சாதாரண அலர்ஜி மாத்திரைதான். கொரோனா முடிந்த பிறகு ஆரம்பித்த பழக்கம். கல்யாண சீசனில் ராத்திரி வேலை இருக்கும், அரித்தால் பற்றவைக்கும் கை நடுங்கும். போட்டால் தூங்கலாம்.


பழைய கம்பவுண்டர் · செவ்வாய், இரவு 9.12

தம்பி, அந்தப் பேப்பர் இப்போது வீட்டில் இருக்கிறதா? இருந்தால் பிரித்து, உள்ளே என்ன இருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்லு.


கொலுசுப்பட்டறை · செவ்வாய், இரவு 9.30

இருக்கிறது ஐயா, சட்டைப் பையிலேயே. பழைய காலண்டர் தாளில் மடித்தது. பிரித்தால் மூன்று தினுசு. மஞ்சள் ஒன்று. ரோஸ் கலரில் கொஞ்சம் பெரிசு ஒன்று, வயிற்றுக்கு என்பார்கள். அப்புறம் வெள்ளையாகக் குட்டி மாத்திரை, ஒரு வேளைக்கு ஒன்று. கொலுசில் கோக்கும் சலங்கை முத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிசு. நடுவில் ஒரு கோடு. அட்டையிலிருந்து பிரித்துப் போடுவதால் பேர் இல்லை.


பழைய கம்பவுண்டர் · செவ்வாய், இரவு 9.38

காலையில் கடைக்குப் போ. சண்டை போடாதே. "அண்ணா, டாக்டர் கேட்கிறார், அந்த வெள்ளை மாத்திரை அட்டையைக் காட்டுங்கள்" என்று மட்டும் கேள். போட்டோ எடுத்துக்கொள். அதுவரை எதையும் புதிதாகப் போடாதே. போட்டுக்கொண்டிருப்பதைத் திடீரென்று நிறுத்தவும் செய்யாதே.


குட்டிமா அம்மா · புதன், காலை 7.20

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். என் பெண்ணுக்கு நாலு வயது, கன்னத்திலும் கால் மடிப்பிலும் இதே பிரச்சினை. ஒரு சிரப் கொடுத்தார்கள், நன்றாகக் கேட்டது. உறவுக்காரர் ஒருவர் அது ஸ்டீராய்டு என்கிறார். தொடரலாமா?


வெள்ளைக்கோட்டு · புதன், காலை 7.55

பாட்டிலில் பிரட்னிசோலோன், பீட்டாமெத்தசோன், டெக்ஸாமெத்தசோன் என்ற மூன்றில் எந்தப் பேர் இருந்தாலும் ஸ்டீராய்டுதான். குழந்தைகளுக்கு எக்ஸிமாவுக்காக இதை அடிக்கடி கொடுத்தால் வளர்த்தி பாதிக்கும். அந்தச் சமயத்தில் சின்னம்மை வந்தால் ஆபத்து. உயிருள்ள கிருமித் தடுப்பூசிகளையும் தள்ளிப்போட வேண்டிவரும். எத்தனை நாள் கொடுத்தீர்கள் என்று குறித்துக்கொண்டு பாட்டிலோடு தோல் டாக்டரிடமோ குழந்தை டாக்டரிடமோ போங்கள். வாரக்கணக்கில் கொடுத்திருந்தால் அவர்கள் சொல்லாமல் சட்டென்று நிறுத்தாதீர்கள்.

ஆனால் ஒன்று: வாய்வழி ஸ்டீராய்டுக்குப் பயப்படுங்கள், தடவும் ஸ்டீராய்டுக்கு அதே பயத்தை வைத்துக்கொள்ளாதீர்கள். டாக்டர் எழுதிய வீரியத்தில், சொன்ன நாள் வரை தடவினால் அது பாதுகாப்பானது. பெரும்பாலான பெற்றோர் செய்யும் தப்பு, பயந்து பயந்து பட்டும் படாமலும் தடவுவது. ஆள்காட்டி விரலின் கடைசி மடிப்பிலிருந்து நுனி வரை ட்யூபைப் பிதுக்கினால் அரை கிராம். அது விரல்களோடு சேர்த்துப் பெரியவர் உள்ளங்கை இரண்டு அளவு இடத்துக்குப் போதும். அதைவிட ரொம்பக் குறைத்தால் நோய் அரைகுறையாக அடங்கித் திரும்ப வரும், மருந்து கேட்கவில்லை என்று நினைத்து மாத்திரைக்குப் போவீர்கள்.


மாந்தோப்பு · புதன், காலை 10.40

எனக்கும் எக்ஸிமா என்றே நாலு வருஷம் ஓட்டினேன். கண் இமை, கழுத்து, முழங்கை மடிப்பு. மழைக்குப் பிறகு கூடும், வெளியூர் போய் இருந்தால் குறையும். மாத்திரை போட்டால் அடங்கும், நிறுத்தினால் வரும். கடைசியில் முதுகில் ஒட்டுச் சோதனை வைத்துப் பார்த்ததில் பார்த்தீனியம், அதாவது நம் காங்கிரஸ் புல். தோப்பைச் சுற்றி இடுப்பளவு நின்றது. பூக்குமுன் பிடுங்குகிறோம், நான் பிடுங்குவதில்லை, ஆள் வைத்துத்தான். இப்போது பாதிதான் வருகிறது. எக்ஸிமா என்று முடிவு கட்டுவதற்கு முன் அது எக்ஸிமாதானா என்று பாருங்கள்.


மலைக்காற்று · புதன், காலை 11.05

இதை நானும் சொல்ல நினைத்தேன். எங்கள் எஸ்டேட்டில் ஒருவருக்குப் படர்தாமரை. அதற்கு ஸ்டீராய்டு கலந்த களிம்பைத் தடவித் தடவி வட்டமே அழிந்து எக்ஸிமா மாதிரி ஆகிவிட்டது. 2018இலேயே அந்தக் களிம்புகளைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்துவிட்டார்கள் என்கிறார்கள். யார் கேட்கிறார்கள்?

அப்புறம் தண்ணீர். போர் தண்ணீர் உப்பு என்று வீட்டுக்கு மென்னீர் இயந்திரம் வாங்கச் சொல்வார்கள். இங்கிலாந்தில் 336 குழந்தைகளை வைத்து 2011இல் பார்த்தார்கள், எக்ஸிமாவுக்குத் தனியாக எந்தப் பலனும் இல்லை. அந்தக் காசுக்கு எத்தனை டப்பா மாய்ஸ்சரைசர் வாங்கலாம்!


கொலுசுப்பட்டறை · புதன், இரவு 8.20

கடைக்குப் போனேன். கடைப் பையன் முதலில் முழித்தான். அப்புறம் டிராயரிலிருந்து அட்டையை எடுத்துக் காட்டினான். டெக்ஸாமெத்தசோன் 0.5 மி.கி.

கை உதறிவிட்டது. ஸ்டீராய்டு போடலாமா வேண்டாமா என்று நான் இங்கே வந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன், மூன்று நாலு வருஷமாகப் போட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறேன். முதலில் மாதத்தில் பத்து நாள் இருக்கும். இந்த மூன்று மாதமாகக் கிட்டத்தட்ட தினமும், காலை ஒன்று ராத்திரி ஒன்று. டாக்டரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அலர்ஜி மாத்திரை என்று நினைத்தால் எதைச் சொல்வது?

முகம் உப்பியிருக்கிறது என்று போன பொங்கலுக்கே தங்கச்சி சொன்னாள். சந்தோஷத்தில் பூரித்திருக்கிறேன் என்று நினைத்தேன்.


வெள்ளைக்கோட்டு · புதன், இரவு 8.45

முதலில் முக்கியமானது. இன்று ராத்திரியே தூக்கி எறிந்துவிடாதீர்கள். டெக்ஸா 0.5 என்பது பிரட்னிசோலோனில் சுமார் 3.3 மி.கி.க்குச் சமம். தினம் இரண்டு என்றால் ஆறேழு மி.கி. சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரீனல் சுரப்பி இந்த ஹார்மோனைத் தினமும் தானே சுரக்கும். வெளியிலிருந்து அதே அளவோ அதைவிடக் கூடவோ வந்துகொண்டிருந்தால் அது வேலையை நிறுத்திப் படுத்துக்கொள்ளும். மூன்று வாரத்துக்கு மேல் போனாலே இந்தக் கவலை உண்டு. உங்களுக்கு மூன்று மாதம். திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், வாந்தி, ரத்த அழுத்தம் விழுவது, மயக்கம் வரை போகலாம். காய்ச்சலோ அடிபடலோ நேர்ந்தால் இன்னும் மோசம்.

நாளைக்கே தோல் டாக்டரிடம் போங்கள், அட்டை போட்டோவோடு. முன்பு பார்த்தவரிடமே போனாலும் சரி, அவரிடம் இந்தத் தகவல் இல்லை என்பதுதான் குறை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவுக்குக் காலையிலேயே போனாலும் சரி. காய்ச்சலோடு சின்னச் சின்னக் குழி விழுந்த கொப்புளம் கூட்டமாக வந்தால் காலைவரை காத்திருக்காமல் அவசரப் பிரிவு.


பழைய கம்பவுண்டர் · புதன், இரவு 9.00

சீட்டு இல்லாமல் கொடுக்கவே கூடாத மருந்து அது. என் தொழில்காரன் செய்தது, எனக்கு வெட்கமாக இருக்கிறது.

உன் கையைப் பற்றியும் ஒன்று. மெருகுக்குப் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் எவ்வளவு நேரம் கை இருக்கும்? திராவகம் வெறும் கையிலா?


கொலுசுப்பட்டறை · புதன், இரவு 9.20

திராவகத்துக்கு இடுக்கி. பூந்திக்கொட்டைத் தண்ணீரில் தினம் இரண்டு மணி நேரம் வெறும் கைதான். அது இயற்கைதானே என்று நினைத்தேன். ரப்பர் உறை போட்டால் கொலுசின் மொட்டு கைக்குத் தெரியாது ஐயா. தம்பியை மெருகுக்கு மாற்றிவிட்டு நான் பற்றவைப்பதோடு நிற்கிறேன்.


கொலுசுப்பட்டறை · ஒன்பது நாள் கழித்து, வெள்ளி, இரவு 10.10

தாமதத்துக்கு மன்னிக்கவும். வேறு ஒரு தோல் டாக்டரிடம் போனேன். பொறுமையாகக் கேட்டார். தோலைச் சுரண்டி பூஞ்சை இருக்கிறதா என்று பார்த்தார், இல்லை. வீட்டில் வேறு யாருக்கும் ராத்திரி அரிக்கிறதா என்று கேட்டார், சிரங்கா என்று பார்க்கவாம். சர்க்கரை எல்லையில் நிற்கிறது. பிரஷர் பரவாயில்லை. நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தார், பழைய காசநோய் ஒளிந்திருந்தால் இந்த மருந்துகள் கிளப்பிவிடும் என்றார்.

முடிவு என்ன தெரியுமா? டெக்ஸாவை நிறுத்தி அதற்குப் பதில் பிரட்னிசோலோன், காலையில் சாப்பிட்டதும், 10 மி.கி. அதிலிருந்து மெதுவாக இறக்குவது. ஸ்டீராய்டு மாத்திரை வேண்டாம் என்று முடிவு செய்தவன் ஸ்டீராய்டை விடுவதற்காக ஸ்டீராய்டு போட்டுக்கொண்டிருக்கிறேன். அம்மாவுக்குப் புரிய வைக்க ஒரு ராத்திரி ஆனது. கடைசியில் அரிசி டப்பாவுக்குப் பின்னாலிருந்து அவரே எடுத்துக் கொடுத்தார்.

நோய்க்குத் தனியாகச் சைக்ளோஸ்போரின், காலை மாலை. சிறுநீரகமும் பிரஷரும் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை பார்க்க வேண்டும். வருஷக்கணக்கில் போடும் மருந்தில்லை என்று முதல் நாளே சொல்லிவிட்டார். லைட் ட்ரீட்மென்ட், அதாவது தோலில் புற ஊதா ஒளி காட்டுவது, அதைக் கேட்டேன், இதோடு சேர்க்க மாட்டார்களாம். பொருக்குக்கு ஒரு வாரம் ஆன்டிபயாடிக். கழுத்துக்கு டாக்ரோலிமஸ் என்ற ஸ்டீராய்டு இல்லாத களிம்பு, முதல் மூன்று நாள் மிளகாய் தேய்த்த மாதிரி எரிந்தது, இப்போது இல்லை.

பிடித்துப்போனது ஈரத்துணிக் கட்டு. ராத்திரி களிம்பு தடவி, அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்து வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துப் பிழிந்து கையில் சுற்றி, மேலே காய்ந்த துணி ஒரு சுற்று. முதல் ராத்திரியே ஐந்து மணி நேரம் தூங்கினேன். சில நாளைக்குத்தான் என்று சொல்லியிருக்கிறார், தோல் வழியாக மருந்து கூடுதலாக உள்ளே போகுமாம்.


மலைக்காற்று · சனி, காலை 7.00

வேட்டி வைத்தியம் எனக்குப் புதுசு. இங்கே குளிரில் நனைத்த துணி கட்டினால் விறைத்துவிடுவேன், சித்திரை வரட்டும்.

என் பக்கத்தையும் எழுதிவிடுகிறேன், யாருக்காவது உதவும். ஒன்றரை வருஷமாக மெத்தோட்ரெக்சேட், இதுவும் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரைதான். வாரத்துக்கு ஒரே ஒரு நாள், எனக்கு வெள்ளிக்கிழமை. மறுநாள் ஃபோலிக் அமிலம். தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து என்பதால் மாத்திரை டப்பாவில் சிவப்புப் பேனாவால் வெள்ளி என்று எழுதி வைத்திருக்கிறேன். கர்ப்பத்துக்குத் திட்டமிடும் பெண்கள் இதைத் தொடவே கூடாது. பலன் தெரிய மூன்று மாதம் ஆனது. அந்த மூன்று மாதம் நரகம்தான். எக்ஸிமாவுக்குப் போடும் டூபிலுமாப் என்ற ஊசி பற்றியும் கேட்டேன், விலையைக் கேட்டுவிட்டுக் கீழே இறங்கி ஒரு காபி குடித்துவிட்டு வந்துவிட்டேன்.


தறிநாடா · சனி, காலை 8.30

தொடாதீர்கள் என்று எழுதியவன் நான். அப்படியே கேட்டு நீங்கள் எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்தியிருந்தால்? அதை நினைத்து இரண்டு நாள் தூக்கம் வரவில்லை. அப்பாவிடம் கேட்டேன். அவரும் இடையில் தானாக நிறுத்தி ஒரு தடவை மயங்கி விழுந்திருக்கிறார், எங்களிடம் சொல்லவில்லை.


கொலுசுப்பட்டறை · காதுகுத்து முடிந்த மறுநாள், திங்கள், இரவு 9.50

நேற்று முடிந்தது. கையில் நீர் இல்லை, பொருக்கு இல்லை. மடிப்பு கறுத்துப்போய் ஆமை ஓடு மாதிரி தடித்திருக்கிறது, அது மாறப் பல மாதம் ஆகும் என்றார். கழுத்தில் இன்னும் சிவப்பு. முழுக்கைப் பருத்திச் சட்டை போட்டுக்கொண்டேன். பெரியம்மா ஒருத்தர் கேட்டே விட்டார், "கழுத்துல என்ன சாமி?" என்று. கரப்பான், மருந்து சாப்பிடுகிறேன் என்றேன். "எங்க ஊட்டுலயும் ஒண்ணு இருக்குது, எந்த டாக்டரு?" என்றார். அவ்வளவுதான் விஷயம்.

குழந்தை மொட்டைக்கு அழவில்லை. காதுக்கு வீறிட்டு என் மடியிலேயே ஒண்ணுக்குப் போய்விட்டாள். எல்லோரும் அதைத்தான் பார்த்தார்கள்.

பிரட்னிசோலோன் இப்போது 7.5. அடுத்தது 5. அதற்குக் கீழே போகுமுன் காலை எட்டு மணிக்கு ரத்தத்தில் கார்டிசால், அதாவது அட்ரீனல் சுரக்கும் அந்த ஹார்மோன், எவ்வளவு என்று பார்க்க வேண்டும் என்றார், அன்றைக்கு மட்டும் ரத்தம் கொடுத்த பிறகு மாத்திரை.


பழைய கம்பவுண்டர் · திங்கள், இரவு 10.05

சந்தோஷம் தம்பி. 5லிருந்து இறங்கும்போதுதான் ரொம்பக் கவனம். உடம்பு வலி, சோர்வு வரும், நோய் திரும்பியது என்று நினைத்து அந்தக் காலண்டர் பொட்டலத்துக்குப் போய்விடாதே. பல் பிடுங்கப் போனாலும், விபத்து என்று யார் தூக்கிக்கொண்டு போனாலும், ஸ்டீராய்டில் இருக்கிறவன் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். ஒரு சீட்டில் எழுதி வைத்துக்கொள்.


கொலுசுப்பட்டறை · திங்கள், இரவு 10.20

எழுதி பர்ஸில் வைத்திருக்கிறேன் ஐயா. இன்னொன்று அம்மாவின் அரிசி டப்பா மேல் ஒட்டியிருக்கிறது.